சொத்து வரி: அறிய வேண்டிய ஆண்டு மதிப்பு

ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் வாழும் நம் கைக்கு ஒரு கேட்புச் சீட்டு வந்து சேர்கிறது. அதில் வரிவிதிப்பு எண், கதவு எண், அரையாண்டு, செலுத்த வேண்டிய தொகை ஆகியவை இருக்கும். தொகை கூடியிருந்தால் முணுமுணுக்கிறோம்; பிறகு கட்டிவிடுகிறோம், அல்லது நிலுவையில் போடுகிறோம். அந்தத் தொகை எந்த மதிப்பிலிருந்து பிறந்தது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியன் என்பதால், கம்பம் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் இந்தச் சீட்டுடன் என்னிடம் வருவதுண்டு. அவர்களுள் பெரும்பாலோர் கேட்பது, "எத்தனை சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள்?" என்பதையே. நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் வீட்டின் பரப்பு எவ்வளவு என்று பதிந்திருக்கிறார்கள்?" என்பதை. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். வரியின் நியாயமோ அநியாயமோ தொடங்கும் இடம் அதுதான்.

மூன்று மதிப்புகள்

ஒரே வீட்டுக்கு மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது சந்தை மதிப்பு: விற்றால் என்ன கிடைக்கும் என்பது. இரண்டாவது வழிகாட்டி மதிப்பு: பதிவுத் துறை தெருவாரியாக, சர்வே எண் வாரியாக நிர்ணயித்திருப்பது, பத்திரப் பதிவின்போது முத்திரைத் தீர்வைக்கு இது அடிப்படை. மூன்றாவது ஆண்டு மதிப்பு: உள்ளாட்சியின் சொத்து வரிக்கு வழிவழியாக அடித்தளமாக இருந்துவருவது.

இவை வெவ்வேறு அலுவலகங்கள், வெவ்வேறு நோக்கங்களுக்காக வைத்திருக்கும் வெவ்வேறு அளவுகோல்கள். பதிவுத் துறை வழிகாட்டி மதிப்பை மாற்றியமைத்தால் அன்றே வீட்டு வரி கூடிவிடாது. அதுபோல, "என் இடத்தின் வழிகாட்டி மதிப்பு குறைவு, ஆகவே வரியைக் குறையுங்கள்" என்று நகராட்சியில் மனுக் கொடுப்பதும் இலக்குத் தவறிய வாதம். பதிவுத் துறையின் மதிப்பில் குறை இருந்தால் அதற்கு இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின் கீழ் வேறு வழி இருக்கிறது. எந்த மதிப்பை எதிர்க்கிறோம் என்ற தெளிவே முதல் படி.

ஆண்டு மதிப்பு என்பது என்ன? 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் அதை வரையறுத்தது. ஒரு கட்டடத்தை மாத வாடகைக்கோ ஆண்டு வாடகைக்கோ விட்டால் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க மொத்த ஆண்டு வாடகை எவ்வளவோ, அதிலிருந்து கட்டடத்துக்குரிய பகுதியில் 10 சதவீதத்தைப் பழுதுபார்ப்புச் செலவுக்காகக் கழித்தால் கிடைப்பது ஆண்டு மதிப்பு. வீட்டில் உரிமையாளரே குடியிருந்தாலும் கணக்கு இதுதான். வாங்கும் வாடகை அன்று, வாங்கக்கூடிய வாடகையே இங்கே அளவுகோல்.

"நியாயமாக எதிர்பார்க்கத்தக்க" என்ற சொற்கள் முக்கியமானவை. நம் பகுதியிலிருந்தே எடுத்துக்காட்டுச் சொல்லலாம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறும் இரண்டு மாதங்களில் சாலையோரக் கடைக்குக் கிடைக்கும் வாடகை வேறு. ஆடி, ஆவணியில் கிடைப்பது வேறு. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நாள்களில் வீட்டுத் திண்ணைக்குக்கூட வாடகை உண்டு. அந்த நாள்களின் வாடகையைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் விரித்துக் கணக்கிட்டால் அது நியாயமான எதிர்பார்ப்பு ஆகாது. ஆண்டு முழுவதற்கும் ஒருவர் ஒப்பந்தம் பேசினால் என்ன தருவார் என்பதே கேள்வி.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே வாடகை விசாரித்து மதிப்பிடுவது நடைமுறையில் இயலாது. ஆகவே தெருக்களை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு சதுர அடி அடிப்படை மதிப்பை நிர்ணயிக்கிறார்கள். பிறகு கட்டடத்தின் பரப்பு, கட்டுமான வகை, பயன்பாடு, வயது ஆகியவற்றைக் கொண்டு கணக்கு நடக்கிறது.

புரிதலுக்காகக் கற்பனையான ஒரு கணக்கு. 1,000 சதுர அடி வீடு. மாதம் சதுர அடிக்கு 1 ரூபாய் அடிப்படை மதிப்பு என்று கொள்வோம். மாத வாடகை மதிப்பு 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. எளிமைக்காக முழுத் தொகையிலும் 10 சதவீதம் கழித்தால் ஆண்டு மதிப்பு 10,800 ரூபாய். வரி விகிதங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டு மதிப்பில் 20 சதவீதம் என்றால் ஆண்டு வரி 2,160. அரையாண்டுக்கு 1,080 ரூபாய். இதன்மேல் 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நூலக வரியும் சேர்கிறது.

இந்தச் சங்கிலியில் விகிதம் ஊர் முழுவதற்கும் பொதுவானது. அதை மாற்ற மன்றத்தால், அரசால் மட்டுமே முடியும். ஆனால், பரப்பு, மண்டலம், கட்டுமான வகை, பயன்பாடு, வயது என்னும் ஐந்தும் நம் வீட்டைப் பற்றிய செய்திகள். அவற்றில் பிழை இருந்தால் திருத்தக் கோருவது தனிமனிதரால் இயலக்கூடியது.

2023 ஏப்ரல் முதல் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டம் மாறினாலும், பெரும்பாலான பழைய வீடுகளின் வரி முந்தைய கணக்கின் தொடர்ச்சியே. 2022-இல் வந்த பெரிய சீராய்வும் அப்போதிருந்த வரியின் மீது சதவீத உயர்வாகவே அமைந்தது. ஆகவே பழைய பதிவேட்டின் பிழையும் புதிய சட்டத்துக்குள் குடியேறியிருக்கிறது.

2022 சொல்லும் பாடம்

பதினைந்தாவது நிதிக் குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்துக்கு ஒரு நிபந்தனை விதித்தது. மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும். வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து வளர வேண்டும். தமிழ்நாட்டில் 2018-இல் அறிவிக்கப்பட்ட உயர்வு 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. இந்தப் பின்னணியில் 2022-23-இன் முதல் அரையாண்டிலிருந்து புதிய உயர்வு வந்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்பது ஏற்பாடு. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம்.

சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்குக் கூடுதல் என்ற நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால், அதன் கட்டமைப்பில் பொருளியல் மாணவர் எவரும் சுட்டிக்காட்டக்கூடிய ஒரு குறை உண்டு. வருமான வரியில் அடுத்த படிக்குச் சென்றால், எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டுமே கூடுதல் விகிதம். இங்கோ, எல்லையைத் தாண்டினால் முழு வீட்டுக்கும் கூடுதல் விகிதம். முன்பு சதுர அடிக்கு ஆண்டுக்கு 1 ரூபாய் வரி என்று வைத்துக்கொண்டால், 1,200 சதுர அடி வீட்டின் புதிய வரி 1,800 ரூபாய். 1,201 சதுர அடி வீட்டின் வரி ஏறத்தாழ 2,102 ரூபாய். ஒற்றைச் சதுர அடியின் விலை ஆண்டுக்கு 302 ரூபாய்!

இத்தகைய செங்குத்துப் படியின் விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு அளவு நாடாவின் துல்லியமே வரியைத் தீர்மானிக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வு பெற்ற எழுத்தரின் வீடு உண்மையில் 1,160 சதுர அடி. பதிவில் அது 1,240 ஆக இருந்தது. பின்புறம் விறகும் சைக்கிளும் வைக்கப் போட்டிருந்த தகரக் கொட்டகையையும் கான்கிரீட் கட்டடமாகச் சேர்த்து அளந்திருந்தார்கள். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடாவுடன் அளந்தோம்; அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒப்பிட்டோம்; நிழற்படங்களை இணைத்து மனுக் கொடுத்தார். இரண்டு முறை நடையாய் நடக்க வேண்டியிருந்தது என்றாலும், நேரில் வந்து அளந்து திருத்திக் கொடுத்தார்கள்.

"இதற்கு இவ்வளவு பாடா?" என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். அவரது பழைய வரி ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்று கொண்டால், 50 சதவீத உயர்வில் 3,000. 75 சதவீத உயர்வில் 3,500. வேறுபாடு ஆண்டுக்கு 500 ரூபாய். இப்போது வரி ஆண்டுதோறும் உயரும் ஏற்பாடும் வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் சென்னையில் 6 சதவீத உயர்வு நடைமுறைக்கு வந்ததைப் படித்திருப்போம். ஆண்டுக்கு 6 சதவீதம் தொடர்ந்தால் எந்தத் தொகையும் 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். அந்த 500 ரூபாய்ப் பிழையும் ஆயிரமாகும். 12 ஆண்டுகளில் அவர் கூடுதலாகக் கட்டியிருக்கக்கூடியது ஏறத்தாழ 8,400 ரூபாய். கூட்டு வட்டிக்குச் சரி, தவறு தெரியாது. சரியான வரியை அது எப்படிப் பெருக்குமோ, அப்படியே பிழையையும் பெருக்கும்.

சமமின்மையின் வேர்

பிழை எப்போதும் மக்களுக்கு எதிராகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓட்டு வீடாக மதிப்பிடப்பட்ட இடத்தில் இன்று மூன்று மாடிகள் நிற்கின்றன. பதிவேட்டில் ஓடு மாறவில்லை. குடியிருப்பு என்ற பெயரில் ஏலக்காய்க் கிடங்குகள் இயங்கக்கூடும். அதே தெருவில், அண்மையில் கடன் வாங்கிக் கட்டிய சிறு வீட்டுக்காரர் புதிய மதிப்பில் முழு வரியும் செலுத்துகிறார். இருவருக்கும் ஒரே சதவீதம் உயர்த்தினால் இடைவெளி குறைவதில்லை, விரிகிறது. 100 ரூபாய்க்கும் 400 ரூபாய்க்கும் இடையே இருந்த 300 ரூபாய் வேறுபாடு, 50 சதவீத உயர்வுக்குப் பின் 450 ஆகிறது.

சதவீதத்தை எதிர்த்து ஊர் கூடிப் போராடுவதும், அடித்தளப் பதிவேட்டை எவரும் திறந்து பாராதிருப்பதும் இதனால்தான் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. ஆடம் ஸ்மித் 1776-இல் வகுத்த நான்கு வரி நெறிகளில் ஒன்று உறுதிப்பாடு. வரி எவ்வளவு, ஏன், எப்போது என்பது செலுத்துபவருக்கும் பிறருக்கும் ஐயமின்றித் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். தெரியாத இடத்தில் வசூலிப்பவரின் விருப்பம் வந்து அமர்ந்துகொள்ளும்.

நீதிமன்றங்களும் இதை உணர்ந்தே பேசியுள்ளன. அகமதாபாத் ஆலைகளுக்குப் பரப்பை மட்டும் கணக்கிட்டு ஒரே விகிதத்தில் வரி விதித்ததை, நியூ மானெக் சௌக் ஆலை வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் மலைக்கு அப்பால், கேரளத்தின் 1961-ஆம் ஆண்டுக் கட்டட வரிச் சட்டமும் இதே காரணத்தால் வீழ்ந்தது. கட்டடத்தின் தன்மை, இடம், பயன்பாடு, வருவாய்த் திறன் எதையும் பாராமல் தரைப் பரப்பை மட்டும் கொள்வது அரசமைப்பின் 14-ஆவது கூறு தரும் சமத்துவத்துக்கு முரண் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் 1975-இல் கேரளம் புதிய சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது குண்டூர் நகராட்சி வழக்கு. அதுவும் நம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆண்டு மதிப்பு பற்றியதே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமான எதிர்பார்ப்பு ஆகாது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியுடன் விடைபெற்று, வாடகை இப்போது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எனவே அந்த உச்சவரம்பு இன்று அப்படியே பொருந்தாது. ஆனால், மதிப்பீட்டாளரின் எண்ணம் சட்டத்துக்கும் உண்மைக்கும் கட்டுப்பட்டது என்ற கொள்கை நிலைத்து நிற்கிறது.

எதிர்ப்பது எப்படி?

முதலில், தகவல். வரிவிதிப்பு எண்ணைக் கொண்டு நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் உங்கள் வரிவிதிப்புப் பதிவின் நகலைக் கேளுங்கள். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. முன்சொன்ன ஐந்தையும் அதில் சரிபாருங்கள். உங்கள் தெரு எந்த மண்டலம், அதன் அடிப்படை மதிப்பு என்ன என்பதையும் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது, காலம். புதிதாக வரி விதித்தாலோ உயர்த்தினாலோ அனுப்பப்படும் சிறப்பு அறிவிப்பைப் பெற்ற நாளைக் குறித்து வையுங்கள். சீராய்வு மனுவுக்கான கெடு அந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. கெடு தவறிய நல்ல வாதத்தைவிட, கெடுவுக்குள் கொடுத்த எளிய மனுவுக்கு வலிமை அதிகம்.

மூன்றாவது, வாதம். "கட்ட இயலாது", "திடீரென்று கூட்டிவிட்டீர்கள்" என்பன உண்மையாக இருக்கலாம்; ஆனால், அவை மதிப்பீட்டை எதிர்க்கும் வாதங்கள் ஆகா. "பதிவில் 1,240, உண்மையில் 1,160" என்பது வாதம். "தரைத்தளக் கடை மூடிக் குடியிருப்பாக்கி மூன்று ஆண்டுகள் ஆயின, மின் இணைப்பும் வீட்டு இணைப்பாக மாறியுள்ளது" என்பது வாதம். "இதே தெருவில், இதே காலத்தில், இதே வகையில் கட்டிய இன்ன கதவு எண்ணுள்ள வீட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவே" என்பது வலுவான வாதம். அனுமதி வரைபடம், மின் கட்டண அட்டை, வாடகை ஒப்பந்தம், நிழற்படம் ஆகியவற்றை இணைத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்குங்கள்.

இங்கிலாந்தில் வீட்டு வரிப் படிநிலைகள் இன்றும் 1991 ஏப்ரல் 1 நிலவரப்படியான மதிப்பில் நிற்கின்றன. அங்கும் படிநிலையை எதிர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது ஒத்த அண்டை வீடுகள் எந்தப் படியில் உள்ளன என்பதையே. ஒப்பீடு உலகெங்கும் செல்லுபடியாகும் சான்று.

நான்காவது, படிகள். நகராட்சியில் ஆணையரிடமும் பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும் சீராய்வு மனு. அதில் நிறைவில்லையெனில் மேல்முறையீடு. நகராட்சி மன்றங்களில் உறுப்பினர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தேனி மாவட்டத்தின் ஆறு நகராட்சிகளான தேனி-அல்லிநகரம், போடிநாயக்கனூர், பெரியகுளம், சின்னமனூர், கம்பம், கூடலூர் ஆகியவற்றின் வாக்காளர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் அக்குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்கலாம். நேராக உயர் நீதிமன்றத்துக்கு ஓடினால், முதலில் இந்தப் படிகளில் ஏறிவிட்டு வாருங்கள் என்று சொல்லப்படவே வாய்ப்பு அதிகம்.

கிராம ஊராட்சிகளில் வழி சற்று வேறு. அங்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி விதிக்கப்படுகிறது. தொகை சிறிது, ஆனால், நகரத்தை ஒட்டிய ஊராட்சி ஒன்று நாளை நகராட்சியுடன் இணைந்தால், இன்று பதிவில் உள்ள பரப்பும் வகையுமே புதிய கணக்குக்கு முதல் சான்றாக அமையக்கூடும். இப்போதே சரிபார்ப்பது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியைக் கட்டாமல் விடாதீர்கள். தாமதத்துக்கு வட்டி ஏறும், மேல்முறையீட்டுக்கும் அது தடையாகலாம். கட்டுங்கள், ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்து, மறு அளவீடு இருபுறமும் கூர்மையுள்ள கத்தி. பதிவில் ஏறாத மாடி அறை இருந்தால் வரி கூடவும் கூடும். அதைத் தவிர்க்க வழி தேடுவதைவிட, உள்ளதைச் சொல்லிச் சரியான வரியைப் பெறுவதே முறை.

உள்ளாட்சி செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கேட்புச் சீட்டிலும் பரப்பு, மண்டலம், கட்டுமான வகை, பயன்பாடு, வயது ஆகிய ஐந்தையும் அச்சிட வேண்டும். மின் கட்டணத்தில் அலகும் விகிதமும் தெரிகின்றன. வீட்டு வரியில் ஏன் தெரியக் கூடாது? தெருவாரியான மண்டலப் பட்டியலும் அடிப்படை மதிப்பும் அலுவலகச் சுவரிலும் இணையதளத்திலும் இருக்க வேண்டும். சீராய்வு மனுக்களுக்குக் காரணத்துடன் எழுத்துபூர்வமான விடை தரப்பட வேண்டும். செங்குத்துப் படிகளை மாற்றி, எல்லையைத் தாண்டிய பரப்புக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று வகுப்பது அரசின் கையில் இருக்கிறது.

சொத்து வரி கூடாது என்பவன் அல்லன் நான். தெருவிளக்கு, குடிநீர், குப்பை அகற்றல், கழிவுநீர் வடிகால் என்று நம் வாசலில் நடக்கும் பணிகளுக்கு நம் வாசலிலேயே திரளும் வருவாய் இதுதான். வளர்ந்த நாடுகளில் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்தை ஒட்டித் திரளும் இந்த வரி, இந்தியாவில் அரை சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. அது வளர வேண்டும் என்றால், செலுத்துபவருக்கு அதன் மீது நம்பிக்கை வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் தம் அளவுக்குச் சரியாகச் செலுத்துகிறார் என்று தெரிந்தால்தான் அந்த நம்பிக்கை பிறக்கும்.

அரசமைப்பின் 265-ஆவது கூறு, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படலாகாது என்கிறது. அந்த அதிகாரம் நம் வீட்டுக்கு வந்து சேர்வது ஒரு சதுர அடிக் கணக்கின் வடிவில். அடுத்த அரையாண்டுச் சீட்டு வருமுன் அந்தக் கணக்கை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். சரியாக இருந்தால் மனநிறைவோடு கட்டலாம். தவறாக இருந்தால் திருத்தக் கேட்கலாம். இரண்டுக்கும் தேவை ஒரு நாடாவும் ஒரு மனுவும் சிறிது பொறுமையுமே.